இரு கரையின் வாரிசுகள்

தூத்துக்குடியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் எப்போதும்வென்றானைக் கடந்து வடக்கே சென்றால், பருத்தியும் உளுந்தும் கம்பும் விளையும் கரிசல் நிலத்தின் நடுவே எட்டயபுரம் அமைந்திருக்கிறது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருக்கும் ஊர் அது. மழையை நம்பி வாழும் இந்த மானாவாரி நிலத்துப் புலவரின் பெயர் 1946ஆம் ஆண்டில் கடல் கடந்து, சிங்கப்பூரில் ஒரு தமிழ்ப் பள்ளிக்குச் சூட்டப்பட்டது. சூட்டியவர்கள் கடையநல்லூரிலிருந்து அங்கே குடியேறியிருந்த முஸ்லிம்கள். 1941இல் அவர்கள் நிறுவிய சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அப்பள்ளியைத் தொடங்கியது. 1960இல் அது உயர்நிலைப் பள்ளியாயிற்று, 1982இல் மூடப்பட்டது. எனினும் உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையம் என்னும் பெயரால் அந்நினைவு அந்நாட்டுக் கல்வித்துறையில் இன்றும் நிலைத்து நிற்கிறது.

பிழைப்புத் தேடிச் சென்ற மக்கள் தம் குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளியையும், அப்பள்ளிக்கென்று ஒரு புலவர் பெயரையும் தேடியது ஏன்? எங்கிருந்து வந்தோம் என்பது அடுத்த தலைமுறைக்குத் தானாகத் தெரிந்துவிடாது, சொல்லித்தந்தாலன்றி நிலைக்காது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். கடையநல்லூர், தென்காசி மக்கள் பெரும்பாலும் குடும்பத்தோடு குடியேறியவர்கள். ஆதலின் அவர்களுடைய வீடுகளில் தாயும் தந்தையும் ஒரே மொழியைப் பேசினர். ஆனால் நம் கடற்கரை ஊர்களிலிருந்தும் உள்நாட்டு ஊர்களிலிருந்தும் தனித்த ஆடவராகவே சென்று, சென்ற இடத்தில் மணம் புரிந்து வாழ்ந்தவர்களும் மிகப் பலர். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளைப் பினாங்கிலும் மலாக்காவிலும் ஜாவி பெக்கான் என்றும் ஜாவி பெரானாக்கான் என்றும் அழைத்தனர். பர்மாவில் ஜெர்பாதி என்றனர். இன்று மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா, ஐரோப்பா என்று பரவியிருக்கும் நம்மவர் இல்லங்களிலும், தந்தை ஓரினம் தாய் வேறினம் என்னும் நிலையில் குழந்தைகள் வளர்கின்றனர். 'நான் யார்?' என்று அக்குழந்தை கேட்கும்போது நாம் தரும் விடை, அதனை நிமிர்ந்து நிற்கவும் செய்யலாம். வாழ்நாள் முழுதும் கூனவும் செய்யலாம். அவ்விடை எதுவாக இருத்தல் வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லில் ஒளிந்திருக்கும் இழிவு

அறியாமைக் கால அரபியர் இத்தகைய பிள்ளைகளுக்குத் தனிச் சொற்கள் வைத்திருந்தனர். தந்தை அரபியராகவும் தாய் அரபியரல்லாதவராகவும் இருந்தால் அப்பிள்ளை 'ஹஜீன்'. தாய் அரபியராகவும் தந்தை அரபியரல்லாதவராகவும் இருந்தால் 'முக்ரிஃப்'. இவ்விரு சொற்களும் குதிரைகளின் வம்சத்தைத் தரம் பிரிப்பதற்கும் வழங்கியவை. குதிரைக்கு வைத்த அளவுகோலையே மனிதனுக்கும் வைத்த சமுதாயம் அது.

அரபுக் கல்லூரிகளில் முஅல்லகாத் கவிதைகளைப் பயின்றோர் அன்தரா பின் ஷத்தாதை அறிவர். அவருடைய தாய் ஸபீபா அபிசீனியப் பெண், அடிமையாக இருந்தவர். தந்தை அப்ஸ் குலத்து அரபியர். போர்க்களத்தில் குலத்தைக் காக்கும் வீரம் மகனிடம் இருப்பதைக் கண்ட பின்னரே தந்தை அவரைத் தம் மகனென்று ஏற்றார் என வரலாறு கூறுகிறது. பெற்ற தகப்பனின் ஏற்பைக்கூட வாளால் வென்றெடுக்க வேண்டியிருந்தது. கலந்து பிறந்த குழந்தை தன்னை ஒவ்வொரு நாளும் மெய்ப்பித்துக் காட்ட வேண்டும் என்னும் இக்கொடுமை இன்றைய வீடுகளிலும் வேறு வடிவில் இருக்கிறது. 'அசல்' என்றும் 'கலப்பு' என்றும் 'பாதி' என்றும் நாம் விளையாட்டாக வழங்கும் சொற்களில் அது வாழ்கிறது. எந்தக் குழந்தையும் பாதியாகப் பிறப்பதில்லை. இரு மரபுகளுக்கு முழு உரிமையோடுதான் பிறக்கிறது.

நபிமார்களின் இல்லத்தில்

இவ்வுண்மைக்கு முதற்சான்று கஅபாவின் நிழலிலேயே இருக்கிறது. இப்ராஹீம் (அலை) அவர்கள் இராக்கிய மண்ணில் பிறந்தவர்கள். அன்னை ஹாஜர் (அலை) அவர்கள் எகிப்தைச் சேர்ந்தவர்கள். அவ்விருவரின் மகனார் இஸ்மாயீல் (அலை) அவர்களோ மக்காவின் பள்ளத்தாக்கில், யமன் நாட்டிலிருந்து வந்து தங்கிய ஜுர்ஹும் குலத்தாரிடையே வளர்ந்தார்கள். அவர்களிடமே அரபு மொழியைக் கற்றார்கள். அவர்களிடமே மணமும் புரிந்தார்கள். ஸஹீஹுல் புகாரீயில் இப்னு அப்பாஸ் (ரலி) வாயிலாக இச்செய்தி விரிவாகப் பதிவாகியுள்ளது. இஸ்மாயீல் வழியினரை அரபு வமிசாவளி நூலோர் 'அல்அரபுல் முஸ்தஅரிபா' என்பர். அரபியராக ஆனவர்கள் என்பது பொருள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோன்றிய குறைஷிக் குலம் இவ்வழியினதே. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்லும் ஒவ்வொருவரும் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஓடி நினைவுகூர்வது, அயல்நாட்டிலிருந்து வந்த அந்தத் தாயின் தவிப்பையே.

இத்தாய்வழி உறவை நபிகளார் (ஸல்) மறக்கவில்லை. எகிப்து நாடு பின்னாளில் முஸ்லிம்களின் கைக்கு வரும் என்றும், அப்போது அந்நாட்டு மக்களிடம் நன்முறையில் நடந்துகொள்ள வேண்டும் என்றும், அவர்களோடு நமக்குப் பொறுப்பும் இரத்த உறவும் உண்டு என்றும் தோழர்களுக்கு அறிவுறுத்தியதாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். அவ்வுறவு அன்னை ஹாஜர் வழி வந்தது என்பது விரிவுரையாளர் கூற்று. எத்தனையோ தலைமுறைகளுக்கு முந்திய ஒரு பாட்டியாரின் ஊரை உறவினர் ஊராகக் கருதும் மனப்பாங்கு இது. நம் பிள்ளைகளின் தாய்மாமன் ஊரை நாம் எவ்வாறு கருதுகிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

இன்னும் அணுக்கமான சான்று உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்கள். தந்தை ஸைத் பின் ஹாரிஸா (ரலி) கல்ப் குலத்து அரபியர், வெளிர் நிறத்தினர். தாய் உம்மு ஐமன் (ரலி) அபிசீனியர். மகனோ கருநிறம். இந்நிற வேற்றுமையைக் காட்டிச் சிலர் அவருடைய பிறப்பையே ஐயுற்றுப் பேசினர். ஒருநாள் தந்தையும் மகனும் தலையை மூடிக் கால்கள் வெளியே தெரியப் படுத்திருந்தனர். அங்க அடையாளம் கொண்டு வம்சம் அறிவதில் வல்ல முஜஸ்ஸிஸ் என்பவர் அவ்வழியே வந்து, இக்கால்கள் ஒன்றிலிருந்து ஒன்று தோன்றியவை என்று கூறினார். அதைக் கேட்ட நபிகளார் (ஸல்) முகம் ஒளிர அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்து மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு குழந்தையின் மீது வீசப்பட்ட பழிச்சொல் அண்ணலாரை எவ்வளவு வருத்தியிருந்தால், அது நீங்கியதில் அவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள்! ஹிஜ்ரி 11இல், ஏறத்தாழப் பதினெட்டு வயதினரான அதே உஸாமாவை, முதுபெரும் தோழர்கள் இடம்பெற்ற படைக்குத் தலைவராக நியமித்தார்கள். மறுத்துப் பேசியோருக்கு, இவருடைய தந்தையின் தலைமையையும் நீங்கள் முன்பு குறை கூறினீர்கள் என நினைவூட்டினார்கள்.

பழிச்சொல் நண்பர் வாயிலிருந்து வந்தபோதும் அண்ணலார் பொறுக்கவில்லை. அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சுட்டி இழித்துரைத்தார்கள். அறியாமைக் காலத்தின் குணம் உம்மிடம் இன்னும் இருக்கிறது என்று நபிகளார் (ஸல்) கடிந்துரைத்தார்கள். இழிக்கப்பட்டவர் பிலால் (ரலி) என்று விரிவுரையாளர் பலர் குறிப்பர். இங்கு நோக்கத்தக்கது யாதெனில், இழிவு தாயைக் கொண்டே செய்யப்பட்டது. கலந்து பிறந்தவர்களைத் தாக்குவோர் எக்காலத்தும் முதலிற் கைவைப்பது தாயின் மீதே.

மறுபுறம், ஐயம் கொண்ட தகப்பனையும் நபிகளார் நயமாகத் திருத்தினார்கள். ஃபஸாரா குலத்தவர் ஒருவர், தம் மனைவி கருநிறக் குழந்தை பெற்றிருப்பதாக வந்து முறையிட்டார். உம் ஒட்டகங்கள் என்ன நிறம் என்று கேட்டார்கள். சிவப்பு என்றார். அவற்றில் சாம்பல் நிறத்தன உண்டா என்றார்கள். உண்டு என்றார். அஃது எங்கிருந்து வந்தது என்று வினவ, ஏதோ முன்னைய வேர் இழுத்திருக்கும் என்றார். உம் மகனையும் அவ்வாறே ஒரு வேர் இழுத்திருக்கலாம் என்று விடை பகர்ந்தார்கள். குழந்தையின் தோற்றத்தில் தன் சாயலை மட்டுமே தேடும் தகப்பன்மார்க்கு இதனினும் தெளிவான பாடம் இல்லை.

நாம் மறந்த தாய்மார்கள்

இச்செய்திகளை மேடையில் கேட்டு மகிழும் நாம், நம் சொந்த வரலாற்றை எவ்வாறு சொல்லிக்கொள்கிறோம்? பாண்டியர் காலத்தில் காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் வந்திறங்கின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அத்துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். பருவக்காற்றை எதிர்நோக்கி மாதக்கணக்கில் தங்கிய அரபு வணிகருட் பலர் இம்மண்ணின் பெண்களை நிக்காஹ் செய்து குடும்பம் அமைத்தனர். தமிழக முஸ்லிம்களில் பெருந்தொகையினர் இஸ்லாத்தை ஏற்ற இம்மண்ணின் மக்களே எனினும், கடற்கரைச் சமூகங்களின் உருவாக்கத்தில் இம்மணவுறவுகளுக்குப் பங்குண்டு. ஆனால் குடும்ப வரலாறு சொல்லப்படும்போது, யமனிலிருந்தும் எகிப்திலிருந்தும் வந்த முன்னோனின் பெயர் மட்டுமே சொல்லப்படுகிறது. அவனை மணந்து, அவன் பிள்ளைகளை வளர்த்த பெண்ணின் பெயரை எவரும் சொல்வதில்லை.

அப்பெண் விட்டுச்சென்ற சொத்தோ நம் வாயிலேயே இருக்கிறது. அரபுத் தந்தையின் பிள்ளைகள் தமிழ் பேசியது அவளால்தான். அத்தமிழை அரபு எழுத்தில் எழுதியபோது அரபுத் தமிழ் பிறந்தது. அரபியில் இல்லாத ழகரம், ணகரம் முதலிய ஒலிகளுக்கு அரபு எழுத்துகளிலேயே புள்ளிகளும் குறிகளும் இட்டுப் புதிய வடிவங்கள் ஆக்கினர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்ற பேரறிஞர்கள் சட்ட நூல்களை அவ்வெழுத்தில் எழுதினர். வீட்டுப் பெண்கள் அவற்றை ஓதிப் பயின்றனர். தந்தையின் எழுத்தும் தாயின் மொழியும் ஒரே ஏட்டில் ஒன்றையொன்று அழிக்காமல் அமர்ந்தன. மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதும் ஜாவியும் இதன் உடன்பிறப்பைப் போன்றதே.

இரு மரபில் ஒன்றை மட்டும் பற்றிக்கொள்ளும்போது நேரும் இடர்ப்பாட்டுக்கு இலங்கை வரலாறு சான்று. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதனை மறுத்து, அவர்களுடைய அரபுப் பூர்வீகத்தை வலியுறுத்தி நூல் எழுதினார். சட்டமன்றப் பிரதிநிதித்துவம் என்னும் அரசியல் அவ்விவாதத்தின் பின்னே இருந்தது. ஒரு சிறுபான்மையினர் தம் தனித்தன்மையைக் காக்க முற்பட்டதில் நியாயமும் இருந்தது. ஆயினும் ஒருவர் தாய்வழியைக் காட்ட, மற்றவர் தந்தைவழியைக் காட்ட, இரண்டும் ஒரே மக்களுக்கு உரியவை என்னும் எளிய உண்மை இடையில் நழுவிப்போயிற்று.

மலாக்காவின் முன்ஷி

இரு மரபையும் மறைக்காமல் வளர்ந்த ஒரு பிள்ளை எத்தகைய உயரம் எய்தலாம் என்பதற்கு முன்ஷி அப்துல்லாஹ்வின் வாழ்வு எடுத்துக்காட்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாக்காவில் பிறந்த இவரை நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றுகின்றனர். 1849இல் அச்சான தம் வரலாற்று நூலாகிய ஹிகாயத் அப்துல்லாஹ்வில் இவர் தம் வமிசத்தை ஒளிவின்றி எழுதுகிறார். பாட்டனாரின் தந்தை ஷைகு அப்துல் காதிர் யமன் நாட்டவர். அவர் நாகூருக்கு வந்து மார்க்கக் கல்வி போதித்து, அங்கேயே மணம் புரிந்தார். அவருடைய மூத்த மகன் மலாக்கா சென்று, ஷைகு மீரா லெப்பையின் மகள் பெரியாச்சியை மணந்தார். பெரியாச்சி என்னும் பெயரிலேயே தமிழ் ஒலிக்கிறது. இந்தப் பாட்டியார் ஏறத்தாழ இருநூறு சிறுவர் சிறுமியருக்குக் குர்ஆன் ஓதக் கற்பித்த ஆசிரியை.

அப்துல்லாஹ்வின் தந்தை, மகனைத் தமிழ் ஆசிரியரிடம் அனுப்பினார். மலாக்காவின் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தமிழும் கணக்கும் கற்பது முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கம் என்று அப்துல்லாஹ் குறிப்பிடுகிறார். அவர் பாட்டியிடம் குர்ஆனும், ஆசிரியரிடம் தமிழும், ஊர் மக்களிடம் மலாயும் பயின்றார். கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களிடம் இந்துஸ்தானி கற்று, அவர்களுக்குக் குர்ஆன் ஓதக் கற்பித்து, அவர்கள் வாயால் முன்ஷி என்னும் பட்டம் பெற்றார். ராஃபிள்ஸின் எழுத்தராகப் பணியாற்றினார். 1854இல் ஹஜ் பயணத்தின்போது மறைந்தார். தமிழ் கற்றதால் அவருடைய மலாய் குன்றவில்லை. அம்மொழியில் அவரே வழிகாட்டியானார். கரிசல் நிலத்து உழவர் பருத்திக்கிடையே உளுந்தை ஊடுபயிராக விதைப்பர். உளுந்து மண்ணுக்கு உரம் சேர்க்கும். குழந்தையின் உள்ளத்தில் இரு மொழி வளர்வதும் இவ்வாறே.

இம்மரபினர் 1876இல் சிங்கப்பூரில் 'ஜாவி பெரானாக்கான்' என்னும் பெயராலேயே ஒரு வார இதழ் தொடங்கினர். மலாய் மொழியின் முதல் செய்தித்தாளாக அது கருதப்படுகிறது. 1895 வரை வெளிவந்தது. பிறர் வைத்த கலப்புப் பெயரை இதழின் நெற்றியில் பொறித்துக்கொண்ட துணிவு பாராட்டுக்குரியது. 'பெரானாக்கான்' என்னும் மலாய்ச் சொல்லில் 'அனாக்' என்பது குழந்தை. அச்சொல்லுக்குக் கருப்பை என்றும் பொருளுண்டு. அரபியிலும் 'ரஹிம்' என்றால் கருப்பை. உறவுக்கும் அதுவே பெயர். இரு மொழிகளும் ஒரே உண்மையைச் சொல்கின்றன. உறவு தொடங்கும் இடம் தாயின் வயிறு.

அறுந்த இழைகள்

எல்லாருக்கும் முன்ஷியின் பேறு வாய்க்கவில்லை. பர்மாவில் இந்திய முஸ்லிம் தந்தையர்க்கும் பர்மியத் தாய்மார்க்கும் பிறந்தோரை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக் குடிக்கணக்குகள் ஜெர்பாதி என்று தனியே எண்ணின. 1930களின் கலவரங்களில் அவர்கள் அந்நியரின் பிள்ளைகளென்று சுட்டப்பட்டனர். 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது இலட்சக்கணக்கான இந்தியர் நடந்தே வெளியேறினர். 1964இல் நே வின் அரசு வணிகத்தை நாட்டுடைமையாக்கியபோது மீண்டும் கப்பல் கப்பலாகத் தமிழகம் திரும்பினர். இப்பெயர்ச்சிகளில் சிதறிய குடும்பங்கள் பல. வந்தவர்களில் சிலருக்குப் பர்மியத் தாயின் மொழி அறுந்தது. அங்கே தங்கியவர்களுக்குத் தந்தையின் ஊர் வெறும் பெயராயிற்று.

மலாயாவில் நேர்ந்தது வேறு வகை. தென்னிந்தியரைக் குறிக்கப் பொதுப்பெயராக வழங்கிய 'கெலிங்' என்னும் சொல் காலப்போக்கில் இழிசொல்லாயிற்று. பினாங்கில் 1801இல் பரங்கிப்பேட்டை வணிகர் காதர் முகைதீன் தோற்றுவித்த பள்ளிவாசல் இன்றும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்றே மதிப்போடு வழங்குகிறது. அதே சொல்லைப் பள்ளிக்கூட முற்றத்தில் கேட்கும் சிறுவனோ கூனிக் குறுகுகிறான். 1957இன் மலாயா அரசியல் சாசனம் 160ஆம் விதியில், இஸ்லாத்தைப் பின்பற்றி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் வழக்காறுகளைக் கடைப்பிடிப்பவரை மலாய்க்காரர் என வரையறுத்தது. இதனால் இம்மரபினர் பலர் மலாய்க்காரராகவே பதிவாயினர். அது குற்றமன்று, அங்கே பிறந்து, அம்மொழி பேசும் தாயிடம் பாலுண்டவர்க்கு அவ்வடையாளம் உரியதே. தந்தையின் ஊரைச் சொல்லக் கூசி அதனை மறைக்க நேர்ந்தால், அதுவே இழப்பு. சிங்கப்பூரில் 2011 முதல் கலந்து பிறந்த பிள்ளையின் பதிவில் இரு இனப் பெயரையும் சேர்த்து எழுத அனுமதி உண்டு. அரசின் ஏடு ஒன்றைக் கேட்டாலும் இரண்டைக் கேட்டாலும், வீட்டின் ஏட்டில் இரண்டும் இருப்பதை எவரும் தடுப்பதில்லை.

இல்லத்தில் செய்யத்தக்கவை

முதலாவது மொழி. தாய் தன் மொழியிலும் தந்தை தன் மொழியிலும் குழந்தையோடு பேசுதலே இயல்பான வழி. பகலெல்லாம் கடையிலும் அலுவலகத்திலும் இருக்கும் தந்தையின் மொழி தானாக வந்துவிடாது. முன்ஷியின் தந்தை ஆசிரியரைத் தேடியதுபோல், அதற்கென நேரமும் ஏற்பாடும் வேண்டும். குர்ஆன் ஓதுதல் கட்டாயக் கடமை. ஆயினும் அது தமிழுக்கோ மலாய்க்கோ பதிலாகாது. மொழிகளின் வேற்றுமையும் நிறங்களின் வேற்றுமையும் இறைவனின் சான்றுகள் என்று அல்குர்ஆன் (30:22) கூறுவதை அக்குழந்தைக்குப் பொருளோடு சொல்லித்தர வேண்டும். அச்சான்றுகள் இரண்டும் அதன் வீட்டிலேயே இருக்கின்றன.

இரண்டாவது உறவு. தாய்வழி உறவினர் முஸ்லிமல்லாதவராக இருப்பின், பிள்ளைகளை அவர்களிடமிருந்து முற்றிலும் விலக்கிவிடுவோர் உண்டு. அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்களைக் காண, இணைவைப்பில் இருந்த தாயார் மதீனாவுக்கு வந்தார். அவரோடு உறவு பாராட்டலாமா என்று கேட்டபோது, பாராட்டுமாறே நபிகளார் (ஸல்) பணித்தார்கள். பௌத்தப் பாட்டியின் கையைப் பேரன் பற்றி நடப்பதால் ஈமான் குறைந்துவிடாது. அவர் வீட்டு வழிபாட்டில் கலவாமையும், அவர்மீது அன்பு பாராட்டுதலும் ஒருங்கே இயலும் என்பதைப் பெற்றோர் நடந்து காட்ட வேண்டும்.

மூன்றாவது வரலாறு. நம் ஊருக்கு வரும் மருமகள் மலாய்ப் பெண் என்றால், அவள் எத்தகைய கல்வி மரபிலிருந்து வருகிறாள் என்பதை நம்முள் எத்துணைப் பேர் அறிவோம்? 17ஆம் நூற்றாண்டிலேயே ஆச்சே நாட்டில் அப்துர் ரவூஃப் சிங்கிலீ அவர்கள் குர்ஆன் முழுமைக்கும் மலாய் மொழியில் விரிவுரை எழுதினார்கள். அதே நூற்றாண்டில் எட்டயபுரத்து உமறு, கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். பின்னர் காயல் மண்ணின் ஸதக்கத்துல்லாஹ் அப்பாவின் கல்வி வட்டத்திலிருந்து நபி வரலாற்றைப் பெற்று, அரபு நாட்டைத் தமிழ்த் திணைகளின் அழகோடு பாடினார். இவ்விரு செய்திகளையும் ஒரே மூச்சில் கேட்டு வளரும் குழந்தைக்கு எந்தப் பக்கமும் தாழ்வாகத் தோன்றாது.

நான்காவது வழக்காறு. ஷரீஅத்துக்கு முரணாகாத வழக்கம் சட்டத்தில் கருதப்படும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. பெருநாளில் இடியாப்பத்தோடு கெத்துப்பாட்டும் பரிமாறப்படலாம். மகள் பாஜு குரோங்கும் அணியலாம், தாவணியும் அணியலாம். நாம் நம்முடையதென்று எண்ணும் தொதல், அக்கரையிலிருந்து கீழக்கரைக்கும் காயலுக்கும் வந்து தங்கிய பண்டமன்றோ! 'கடை', 'கப்பல்', 'மாப்பிள்ளை' முதலிய நம் சொற்கள் மலாயில் வாழ்வதும் அவ்வாறே.

ஐந்தாவது நாவடக்கம். விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளையின் உடைந்த தமிழையும் கண் அமைப்பையும் நிறத்தையும் உறவினர் கேலி செய்தால், பெற்றோர் சிரித்துக் கடந்துவிடக் கூடாது. பிள்ளையின் முன்னிலையிலேயே மென்மையாகத் தடுக்க வேண்டும். அபூதர் (ரலி) அவர்களுக்கு ஓதப்பட்ட பாடம் மாமன் மாமிகளுக்கும் பொருந்தும்.

ஆறாவது திருமணம். இப்பிள்ளைகள் வளர்ந்து வரன் தேடும்போதுதான் சமுதாயத்தின் உண்மை முகம் தெரியும். மணப்பொருத்தமாகிய கஃபாஅத்தில் வமிசத்தையும் சட்ட அறிஞர்கள் எண்ணியிருக்கின்றனர் என்பது மெய். ஆனால் அது பெண்ணும் அவளுடைய பொறுப்பாளரும் கேட்கவும் விட்டுக்கொடுக்கவும் கூடிய உரிமையே. ஒருவரை இழிவுபடுத்துவதற்கான சான்றிதழ் அன்று. குறைஷிக் குலத்து ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களுக்கு, கருநிற உஸாமாவை மணந்துகொள்ளுமாறு நபிகளார் (ஸல்) அறிவுரை கூறினார்கள். முதலில் தயங்கிய அப்பெண்மணி, பின்னர் அம்மணவாழ்வில் பெருநலன் கண்டதாகத் தாமே கூறியிருக்கிறார்.

பெருமையும் பெருமிதமும்

இறுதியாக ஓர் ஐயம் எழலாம். மரபைப் பற்றிப் பெருமை கொள்வது இஸ்லாத்தில் தகுமா? தமிழில் 'பெருமை' என்னும் சொல் நல்லதையும் தீயதையும் ஒருங்கே குறிக்கிறது. பிறரை இழிவாகக் கருதும் 'கிப்ர்' விலக்கப்பட்டது. முன்னோர் பெயரால் தருக்கும் 'ஃபக்ர்' அறியாமைக் கால வழக்கம். தன் மக்களை நேசிப்பது இனவெறியாகுமா என்று கேட்கப்பட்டபோது, அநீதியில் தன் மக்களுக்குத் துணைநிற்பதே இனவெறி என்று நபிகளார் (ஸல்) வேறுபடுத்திக் காட்டியதாக அறிவிப்பு உண்டு. உறவுகளைச் சேர்த்து வாழ்வதற்குப் போதுமான அளவு உங்கள் வமிசாவளியைக் கற்றுக்கொள்ளுங்கள் என்னும் கருத்திலும் திர்மிதீயில் நபிமொழி வந்துள்ளது. வமிசத்தை அறிவதன் பயன் உறவைப் பேணுதல் என்று அது வரையறுத்துவிடுகிறது. குலங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்னும் 49:13ஆம் வசனமும் இதையே வழிமொழிகிறது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளுள் ஒன்றாகப் பெருமிதத்தை வைத்து, அது தோன்றும் நிலைக்களன்களாகக் கல்வி, அஞ்சாமை, புகழ், ஈகை ஆகிய நான்கைக் கூறுகிறார். பிறப்பு அந்நான்கில் இல்லை. நம் பிள்ளைகளுக்கு ஊட்ட வேண்டியது இத்தகைய பெருமிதமே. அரபு இரத்தம் ஓடுகிறது, மலாய் இரத்தம் ஓடுகிறது என்பதில் சிறப்பொன்றும் இல்லை. நாகூர்ப் பாட்டியும் மலாக்காப் பாட்டியும் கற்றதையும் கற்பித்ததையும் தானும் ஏற்று நடத்தும் பொறுப்பு தனக்குண்டு என்று ஒரு பிள்ளை உணருமானால், அவ்வுணர்வில் சிறப்புண்டு.

ஒவ்வோர் இல்லத்திலும் குழந்தை எழுதப் படிக்கத் தொடங்கியதும், ஒரு தாளை எடுத்து, தந்தைவழியில் மூன்று தலைமுறையும் தாய்வழியில் மூன்று தலைமுறையும், பெண்களின் பெயர் விடுபடாமல், அதன் கையாலேயே எழுதச் செய்யலாம். பெயருக்கு எதிரே ஊரையும் எழுதச் செய்யலாம். அவர்களுள் உயிரோடிருப்பவர்க்கு ஸலாமும் நலம் விசாரிப்பும் மாதந்தோறும் செல்ல வேண்டும். மறைந்தவர்களுள் ஈமானுடன் சென்றோர்க்குத் துஆச் செய்ய வேண்டும். மற்றோரின் நன்றியை மறவாதிருக்க வேண்டும். இரு கரை உறவுகளையும் பேணி வாழும் நல்வாய்ப்பை நம் மக்களுக்கு வல்ல அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.